கூட்டியாந்த பிள்ளை

(4.8.2024 ஞாயிறு மாலை, மதுராந்தகம் பக்கத்தில் ஒரு சேரியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போதே ஒரு சண்டை நடந்தது. அக்கா போன பங்குனியில செத்துப்போனாங்க. படத்திறப்பு வைக்கணும்னு தோழர்கள் சொன்னாங்க. மாமா ஒத்துக்கல. "ஆகஸ்ட் 4 எங்க கல்யாண நாள். அம்பதாவது வருஷம். அவ இருந்திருந்தா பிரியாணி போட்டிருப்பா. வெறும் படத்திறப்புன்னா நான் வரமாட்டேன் மச்சான்"னு சொல்லிட்டார். அதனாலதான் நோட்டீஸ்ல ரெண்டும் இருக்கு. படத்திறப்பும், ஐம்பதாவது திருமண நாளும். அச்சாபீஸ்காரர் ரெண்டு தடவை போன் பண்ணி, தப்பா எழுதிட்டீங்களான்னு கேட்டார். செத்தவங்களுக்கு ஏது கல்யாண நாள்னு அவருக்குக் குழப்பம். உயிரோட இருக்கிற புருசனுக்கு உண்டு இல்லையா?

என்னை இங்கே அக்காவின் தம்பி என்று அறிமுகப்படுத்தினார்கள். சரிதான். ஆனால் மாணவத் தோழர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு விவரம் தெரியாது. நாங்கள் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. ஒரு அப்பனுக்குப் பிறந்தவர்களும் இல்லை. என்னைப் பெற்றவள் எனக்கு மூன்று வயதாகும்போது செத்துப்போனாள். எங்க நைனா படியாள். மூணு வயசுப் பையனை வச்சிக்கிட்டு ஏர் ஓட்ட முடியாது. அடுத்த வருஷமே, 1961-ல, பக்கத்து ஊர்ல புருசன் செத்துப்போன ஒரு பெண்ணைக் கட்டிக்கிட்டார். அவங்கதான் எங்க சின்னம்மா. அவங்க வரும்போது கையில் எட்டு வயசு பெண்ணு ஒண்ணு. அதுதான் அக்கா. ஊர் பாஷையில் கூட்டியாந்த பிள்ளை. கோபம் வந்தால் 'இழுத்துக்கிட்டு வந்தது' என்பார்கள். இந்த உறவுக்கு இதைவிட மரியாதையான சொல் ஒன்றை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அகராதியில் மாற்றான், மாற்றாள் என்று வருகிறது. மாற்றான் என்றால் பகைவன் என்றும் பொருள் இருக்கிறது.

மூணு வருஷம் கழிச்சு நைனாவுக்கும் சின்னம்மாவுக்கும் ஒரு ஆண் பிள்ளை. இதோ முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிற தம்பிதான். அவன் எங்க ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி.

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். முழு இரத்தம், அரை இரத்தம், தாய்வழி இரத்தம் என்று மூன்று வகை. ஒரே அப்பன் ஒரே ஆத்தா என்றால் முழு இரத்தம். அப்பன் ஒருவன், ஆத்தா வேறு என்றால் அரை இரத்தம். ஆத்தா ஒருத்தி, அப்பன் வேறு என்றால் தாய்வழி இரத்தம். 18-ஆவது பிரிவின்படி, மற்ற எல்லாம் சமமாக இருந்தால் அரை இரத்தத்தைவிட முழு இரத்தத்துக்கே முன்னுரிமை. எனக்கும் அக்காவுக்கும் இந்தப் பட்டியலில் இடமே கிடையாது. அரையும் இல்லை, காலும் இல்லை. பூஜ்ய இரத்தம். இரத்தத்தை இப்படி மரக்காலும் படியும் வைத்து அளக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சின்னம்மா வந்த நாளை நான் பார்த்த மாதிரியே சொல்வேன், ஆனால் எனக்கு நாலு வயசு. ஊர்ப் பெரியவங்க சொன்னதுதான். ரெண்டாந்தாரமா வர்ற பொம்பளைக்கு எங்க பக்கம் மேளம் கிடையாது, பந்தல் கிடையாது. பொழுது சாஞ்ச பிறகு நாலு பேர் போய் அழைச்சிக்கிட்டு வருவாங்க. புதுப்புடவை ஒண்ணு, மஞ்சக் கயிறு ஒண்ணு. ஊரே பறையடிக்கிற சனம், அந்தப் பறை எல்லார் வீட்டுச் சாவுக்கும் போகும், கல்யாணத்துக்கும் போகும். எங்க சின்னம்மா நடந்து வந்த அன்னைக்கு மட்டும் அது மாட்டியிருந்த ஆணியிலேயே தொங்கிக்கிட்டு இருந்தது. அக்கா இதைப் பல தடவை சொல்வாங்க. "எங்கம்மா திருடி மாதிரி இருட்டுல வந்தாடா."

ஊர்த் தெருவில் இதற்கு ஒரு பட்டம் வைத்திருந்தார்கள். 'அறுத்துக்கட்டுற சாதி.' தாலி அறுத்த பெண்ணுக்கு மறுபடி தாலி கட்டுகிற சாதி என்று அர்த்தம். டீக்கடையில் நமக்கென்று தனியாக வைத்திருந்த கிளாசைக் கழுவி வைக்கும்போது நைனாவைப் பார்த்து ஒருவன் சொன்னான்: "உங்களுக்கென்னப்பா, ஒண்ணு போனா ஒண்ணு, அறுத்துக்கட்டுற சாதி." நைனா பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். இந்த வசவுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்தப் பதிலை நைனா பிறப்பதற்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருந்தார் என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

1916 மே 9. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். அண்ணல் அம்பேத்கருக்கு அப்போது வயது 25. இந்தியாவில் சாதிகள் என்று ஒரு கட்டுரை படிக்கிறார். சாதியைப் பூட்டி வைத்திருப்பது அகமணம் என்கிறார். சாதிக்குள்ளேயே மணமுடிக்க வேண்டுமென்றால் ஆணும் பெண்ணும் கணக்காக இருக்க வேண்டும். புருசன் செத்துவிட்டால் பெண் ஒருத்தி உபரி ஆகிவிடுகிறாள். அந்த உபரிப் பெண் வெளியே போய் மணம் முடித்தால் சாதி ஒழுகிவிடும். உள்ளேயே மறுமணம் செய்தால் இன்னொரு பெண்ணின் பங்கு போய்விடும். ஆகவே அவளைப் புருசனோடு எரி. எரிக்க முடியாவிட்டால் தலையை மழித்து மூலையில் உட்கார வை. பெண்டாட்டியை இழந்த ஆணுக்கு மட்டும் இன்னும் வயதுக்கு வராத சிறுமியைக் கட்டி வை. உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம் மூன்றும் சாதியைக் காப்பாற்றும் பூட்டு சாவிகள் என்று 25 வயதுப் பையன் வெள்ளைக்காரப் பேராசிரியர்களுக்கு நடுவில் சொல்கிறார்.

அப்படியானால் அறுத்துக்கட்டுகிற சாதி என்றால் என்ன அர்த்தம்? பெண்ணை எரிக்காத சனம், மொட்டையடிக்காத சனம் என்று அர்த்தம். அவன் திட்டியது நம்மிடம் இருந்த யோக்கியத்தைத்தான். இதைச் சொல்லும்போது அக்கா ஒரு தடவை சிரிச்சாங்க. "அப்ப எதுக்குடா மேளம் அடிக்கல?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்வியை நான் தாண்டிப் போக விரும்பவில்லை. நம்முடைய சேரியைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லாவற்றையும் பொன்னாக்கிவிடக் கூடாது. அறுத்துக்கட்டு இருந்தது, உண்மை. ஆனால் பெண்ணுக்கு மறுமணம் என்றால் பிள்ளையைச் செத்துப்போன புருசன் வீட்டில் விட்டுவிட்டு வா என்பார்கள். சின்னம்மாவிடமும் அதைத்தான் கேட்டார்கள். பெண் பிள்ளை என்பதால் அவர்கள் ரொம்பப் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆண் பிள்ளையாக இருந்திருந்தால் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டார். 1856-இல் வெள்ளைக்காரன் விதவை மறுமணச் சட்டம் கொண்டுவந்தான், பள்ளிப் புத்தகத்தில் சீர்திருத்தம் என்று படித்திருப்பீர்கள். யாருக்குச் சீர்திருத்தம்? மறுமணம் மறுக்கப்பட்ட மேல்சாதிப் பெண்களுக்கு. அதே சட்டத்தின் 2-ஆவது பிரிவு, மறுமணம் செய்துகொண்டால் பழைய புருசன் சொத்தில் உரிமை போய்விடும் என்றது. ஏற்கெனவே வழக்கமாகவே மறுமணம் செய்துகொண்டிருந்த சாதிப் பெண்கள்மீதும் பல நீதிமன்றங்கள் அதைச் சுமத்தின. நமக்குச் சொத்து இல்லாததால் நம் பெண்களுக்கு அந்த நட்டம் தெரியவில்லை.

சொத்து என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. மாற்றாந்தாய் கொடுமை என்று எத்தனை கதை, எத்தனை சினிமா! அரசியல் மேடையில் ஏறினால் எல்லாக் கட்சிக்காரனும் 'மத்திய அரசின் மாற்றாந்தாய் மனப்பான்மை' என்கிறான். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரியும். பழைய சோத்துல நீச்சத் தண்ணியை ஊத்திக் குடிச்சிட்டு சோத்தை எனக்கு வச்ச பொம்பளையை டெல்லியோட எதுக்குய்யா சேர்க்கிறீங்க? நான் இப்படிப் பாசத்தோடு பேசினால் அக்காவுக்குப் பிடிக்காது. அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன்: "நம்ம வீட்ல சண்ட வராததுக்குப் பாசம் காரணம் இல்லடா. நெலம் இல்லாததுதான் காரணம். நாலு ஏக்கர் இருந்திருந்தா உன் மூஞ்சியில நான் முழிச்சிருக்க மாட்டேன்." யோசித்துப் பாருங்கள். கைகேயி கதை என்ன கதை? ராஜ்ஜியத்தைப் பாகம் பிரிக்கிற கதை. மூத்தாள் பிள்ளை இளையாள் பிள்ளை சண்டை எல்லாம் வரப்பில் தொடங்கியது. ஐந்தாம் வகுப்பு படித்த எங்கள் அக்கா இதைச் சொன்னார்.

ஐந்தாம் வகுப்பு. அதைப் பேசாமல் அக்காவைப் பற்றிப் பேசிவிட முடியாது. ஊரில் ஒரு தொடக்கப்பள்ளி. காமராசர் கொண்டுவந்த மதிய உணவு அங்கே இருந்தது. 1962-இல் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஒண்ணாவதில் உட்கார வைத்தது அக்காதான். நமக்குத் தனி வரிசை. சோறு போடுகிற ஆள் கரண்டியை உயரத் தூக்கி ஊற்றுவான், தட்டில் பாதி, தரையில் பாதி. அக்கா தட்டை அவன் கரண்டி வரைக்கும் தூக்கிப் பிடிப்பாங்க. அதற்காக ஒரு நாள் வெளியே முட்டி போட வைத்தார்கள். மறுநாளும் தூக்கித்தான் பிடித்தாங்க.

1964-ல தம்பி பொறந்தான். சின்னம்மா நாத்து நடப் போகணும், நைனா ஏருக்குப் போகணும். கைக்குழந்தையை யார் பார்ப்பது? பெண் பிள்ளை. அஞ்சாவது முடிச்ச கையோட அக்கா நின்னுட்டாங்க. நான் படிச்சேன். ஆசிரியப் பயிற்சி, வேலை, ஓய்வூதியம் வரைக்கும் வந்துட்டேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் 'தம்பிக்காகத் தன் படிப்பைத் தியாகம் செய்த தெய்வம்' என்று பேசுவது வழக்கம். இப்போது பேசிய தோழர்கூட அப்படித்தான் பேசினார், நல்ல மனதோடு. மேல இருந்து அக்கா கேட்டிருந்தா மைக்கைப் பிடுங்கியிருப்பாங்க. மேலே எங்கும் இல்லை, அது வேறு விஷயம். என் பணி ஓய்வு விழாவிலேயே இதே சொல்லை ஒருவர் சொன்னார். அக்கா எழுந்து நின்று, "தியாகம்னா நானா குடுத்திருக்கணும். என் கிட்டருந்து புடுங்கிட்டாங்க. கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன்"னு சொல்லிட்டு உட்கார்ந்தாங்க. கூட்டம் கப்சிப். தலித் பெண்களைத் தியாகி ஆக்குவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. பறிபோனதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை பாருங்கள்.

இனி மாமா. (மாமா தலையைக் குனியாதீங்க, நேற்றே சொல்லிவிட்டுத்தான் பேசுகிறேன்.)

1972 வாக்கில் அக்கா செங்கல்பட்டில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாங்க, சித்தாள். மாமா அங்கே துப்புரவுத் தொழிலாளி. அப்போதெல்லாம் ஊரில் பாதி வீட்டில் எடுப்பு கக்கூஸ். தகரமும் தொடப்பமும் வாளியும். மாமா அருந்ததியர். நாங்கள் பறையர். இங்கே இருக்கிற இளைஞர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாமல் இருக்கலாம். அல்லது, இன்னும் நன்றாகவே தெரிந்திருக்கலாம். ஊருக்கு வெளியே சேரி. சேரிக்கு வெளியே நாலு குடிசை. அந்த நாலு குடிசையில் நம்ம ஆள் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டான். ஊர்க்காரன் நமக்கு வைத்த தனி கிளாசை நாம் அவர்களுக்கு வைத்தோம். இதை மறைத்துக்கொண்டு தலித் ஒற்றுமை என்று தொண்டை கிழியக் கத்துவதில் பிரயோசனமில்லை.

கல்யாணப் பேச்சு எழுந்ததும் சேரியில் பஞ்சாயத்து கூடியது. ஆனால் பெரிய கலவரம் ஏதும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. எங்க பெரியப்பா, நைனாவின் அண்ணன், எழுந்து சொன்னார்: "அது நம்ம ரத்தமா? கூட்டியாந்த கழுத. எந்தச் சாதியில விழுந்தா நமக்கென்ன?" அவ்வளவுதான், பஞ்சாயத்து கலைந்தது. அக்கா சொந்த மகளாக இருந்திருந்தால் வெட்டியிருப்பார்கள், அல்லது அவசரமாக யாருக்காவது கட்டி வைத்திருப்பார்கள். எங்கள் இரத்தம் இல்லை என்று தள்ளிவைத்ததுதான் அக்காவுக்குக் கதவைத் திறந்துவிட்டது. நைனா மட்டும் அன்றைக்குப் பேசினார். வாழ்க்கையில் அவர் கூட்டத்தில் பேசியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். "என் ரத்தம் இல்லதான். என் பொண்ணு." வந்த முதல் ஒரு வருஷம் அக்கா அவரை எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை, 'இந்தா', 'சோறு வச்சிருக்கு' இப்படித்தான். அப்புறம் எப்போது நைனா என்று கூப்பிட ஆரம்பித்தார் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

1974 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கும் ஞாயிறுதான். ஆடி மாசம். சாயங்காலம் நாலரை மணி, ராகு காலம். எல்லாம் வேண்டுமென்றே வைத்தது. ஆடியில் பந்தல்காரன் பாதி வாடகைக்கு வந்தான் என்பதும் ஒரு காரணம். சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1950-களில் இதே மாதிரித் திருமணத்தை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருந்தது. அண்ணா முதலமைச்சராக வந்து 1967-இல் திருத்தம் கொண்டுவந்து, 1968 ஜனவரி 20 முதல் 7ஏ என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்கிறோம் என்று தங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும். அதிலும் 'இரண்டு இந்துக்கள்' என்றுதான் எழுதியிருக்கிறது, அதைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் சண்டை போடலாம். சேரியிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். மாமா வீட்டுப் பக்கம் எல்லாரும் வந்தார்கள், ஆனால் பந்தலுக்கு வெளியே நின்றார்கள். சின்னம்மா போய் அவங்க கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்து, அவங்க கொண்டு வந்த சொம்பிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாங்க. எனக்குப் பதினேழு வயசு. அந்த அஞ்சு நிமிஷம்தான் எனக்கு அரசியல் வகுப்பு.

அம்பது வருஷம் என்றதும் ஆதர்ச தம்பதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மாமா குடிப்பார். மலத்தைத் தூக்குகிற வேலையில் குடிக்காமல் எப்படி இறங்குவது என்று கேட்பார், அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. ஆனால் குடித்துவிட்டு வந்து கை நீட்டினால் அதற்கு அக்காவிடம் பதில் இருந்தது, தொடப்பக்கட்டை. 1983-ல ஒரு தடவை ரெண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. பதினோரு நாள். சின்னம்மா போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல. பன்னிரண்டாவது நாள் மாமா வந்தார். சமாதானம் எல்லாம் பேசவில்லை. நேராக அடுப்பங்கரைக்குப் போய் கருவாட்டுக் குழம்பு வச்சார். எல்லாருக்கும் பரிமாறினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சமையல் அவருடையது, இந்தப் பங்குனி வரைக்கும். குடியை ஒரே நாளில் விடவில்லை, ஆறேழு வருஷம் ஆனது. கடைசி மூன்று மாதம் அக்காவுக்குப் பீ மூத்திரம் எடுத்ததும் அவர்தான். பிள்ளைகள் ஆள் வைக்கலாம் என்றார்கள். "ஊர் பூராவுக்கும் எடுத்தேன், என் பொண்டாட்டிக்கு எடுக்க ஆள் வைக்கவா?"ன்னு கேட்டார். அந்தப் பேச்சில் பெருமை இல்லை தோழர்களே, அதில் வேறு ஏதோ இருந்தது, எனக்கு இன்னும் பேர் வைக்கத் தெரியவில்லை.

மாமா வேலையில் இருந்தபோது ஒருமுறை நெஞ்சுவலி வந்து படுத்துவிட்டார், 1996. கூட வேலை செய்தவர்கள் வந்து அக்காவிடம் ரகசியமாகச் சொன்னார்கள்: எதுவும் ஆகிவிட்டால் பையனுக்கு வாரிசு வேலைக்கு மனு எழுதி வைத்துக்கொள், தாமதம் பண்ணாதே என்று. நல்லதுக்குத்தான் சொன்னார்கள். நிரந்தர வேலை, பென்ஷன். அக்கா சொன்னது: "தகரத்தைச் சொத்தா எழுதி வைக்கிற சாதி நாங்க இல்ல." பையன் பாலிடெக்னிக் படித்தான், பெண் நர்ஸ் படிப்பு. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் ஒரு சட்டம். சாக்கடைக் குழியில் செத்தால் பத்து லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறுகிறதே தவிரக் குழிக்குள் இறங்குகிறவன் சாதி மாறவில்லை.

1994-ஐச் சொல்லாமல் விட்டால் காரணைத் தோழர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்து, அதன் விளைவாக ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள், சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதை மீட்கக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் சனம் திரண்டது. துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் செத்தார்கள். அக்காவும் மாமாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார் மாமா, அரசு ஊழியன், பிடித்தால் வேலை போய்விடும். சிதறி ஓடி, ராத்திரி பத்து மணிக்குத்தான் வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் ரெண்டு பேரும் மற்றவர் செத்துட்டதாகவே நினைச்சிருந்தாங்க.

நீண்ட மணவாழ்க்கை பற்றிப் பேசும்போது நமக்கு முன்னால் ஒரு ஜோடி இருக்கிறது. ஜோதிராவ் பூலே, சாவித்திரிபாய். 1840-இல் கல்யாணம், அவருக்குப் பதின்மூன்று, அம்மையாருக்கு ஒன்பது; குழந்தை மணம்தான். 1890-இல் பூலே மறையும் வரை ஐம்பது வருஷம். பிள்ளை இல்லை. இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று நெருக்கினார்கள், அவர் மறுத்தார். ஏமாற்றப்பட்டுக் கருவுற்ற பார்ப்பன விதவை ஒருவரின் பிள்ளையைத் தத்தெடுத்து யஷ்வந்த் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். பூலே இறந்தபோது கொள்ளிச்சட்டி தூக்கும் உரிமை யாருக்கு என்று உறவினர்கள் தகராறு செய்தார்கள். இரத்தம் இல்லாத பிள்ளை தூக்கக் கூடாதாம். சாவித்திரிபாய் தானே சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். 1897-இல் பூனாவில் பிளேக் வந்தபோது அந்த யஷ்வந்த் மருத்துவராக முகாம் நடத்தினார். ஒரு மகர் சிறுவனை முதுகில் தூக்கி வந்த சாவித்திரிபாய்க்கு நோய் தொற்றி, மார்ச் 10 அன்று இறந்தார். இரத்தம் பேசியவர்கள் பெயர் வரலாற்றில் இல்லை.

எங்க சின்னம்மா 2003-ல செத்தாங்க. அவங்க பேர்ல ஒரு மனை, மூணு சென்ட். எங்கள் குடும்பத்தின் மொத்த சொத்து. வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போனால் அலுவலகத்தில் என்னை நிற்கவே விடவில்லை. "நீங்க யாரு? அந்தம்மா வயித்துல பொறந்தவரா? இல்லல்ல? தள்ளி நில்லுங்க." அவர்கள் பேசியது மரியாதைக் குறைவு, ஆனால் சொன்னது சட்டப்படி சரி. ஒரு பெண்ணின் சொத்தில் 'மகன்' என்றால் கணவனின் மூத்த தாரத்துப் பிள்ளை அதில் சேராது என்று 1987-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அக்காவும் தம்பியும் மட்டும்தான் வாரிசு. நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். அக்கா உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு நேராகப் பத்திரம் எழுதுகிறவரிடம் போனாங்க. "மூணா பிரிச்சு எழுது" என்றாங்க. அவர், "ரெண்டு வாரிசுதானே இருக்கு" என்று கேட்டார். "அது கவுருமெண்டு கணக்கு. இது எங்கம்மா கணக்கு." எனக்கு ஒரு சென்ட் நிலம் இருக்கிறது தோழர்களே. அதில் வீடு கட்ட முடியாது. ஒரு முருங்கை மரம் நிற்கிறது.

போன பங்குனியில் அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட நான் புடவையோடு போனபோது ஒரு பெரியவர் தடுத்தார். கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நீ எப்படிப் போடுவே என்றார். சடங்கெல்லாம் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டவன்தான். ஆனால் அந்த நேரத்தில் என் கையில் அந்தப் புடவை மட்டும்தான் இருந்தது. தம்பி அவன் கோடியைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்ல அண்ணன்" என்று ஒதுங்கி நின்றான். நான் போட்டேன்.

மூன்று நாளைக்கு முன்னால், ஆகஸ்ட் 1-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2009-இல் தமிழ்நாடு அருந்ததியருக்கு 18-க்குள் 3 சதவீதம் கொடுத்த சட்டமும் அதனால் நிலைத்தது. இந்த மூணு நாளில் நம்ம ஆட்களின் பேச்சைக் கேட்கிறேன். 'நம்ம பங்கைப் பறிச்சிட்டாங்க' என்று பறையர் சேரியில் பேசுகிறார்கள். மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை பேச்சு. யாருடைய பங்கு? நமக்கும் கீழே தகரம் தூக்கியவன் பிள்ளை பள்ளிக்கூடம் போவதால் என்ன குறைந்துவிட்டது? அதில் உடன்படாத தோழர்கள் இங்கே இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் பேசலாம், ராத்திரி முழுக்கப் பேசலாம். ஆனால் அக்கா பிள்ளைகளின் சாதிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் பேச முடியாது.

கடைசியாக ஒரு சேதி. அக்காவின் மகளை உங்களுக்குத் தெரியும், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். 2021 மே மாதம் கொரோனாவில் புருசனை இழந்துவிட்டாள். பதினோரு வயதில் ஒரு பையன். இப்போது அவளுக்கு மறுமணம். மாப்பிள்ளையும் மனைவியை இழந்தவர், எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அக்கா படுக்கையில் இருந்தபடியே பேசி முடித்த சம்பந்தம். இதற்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஊர்த் தெருவிலிருந்து இல்லை. நம்முடைய படித்த வீடுகளிலிருந்து. "அரசாங்க உத்தியோகம், சொந்தக் கால்ல நிக்கிறா, எதுக்கு ரெண்டாங் கல்யாணம், கௌரவமா இருந்துட்டுப் போகக் கூடாதா"ன்னு வாத்தியார் வீட்டம்மா கேட்கிறாங்க, பேங்க்காரர் கேட்கிறார். மூன்று தலைமுறையில் பட்டம் வாங்கினோம், பென்ஷன் வாங்கினோம், கூடவே விதவைக் கோலத்தையும் வாங்கி வந்துவிட்டோம். ஊர்த் தெருக்காரன் அதை விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நாம் எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகளுக்கு இந்தத் தகராறு எதுவும் தெரியாது. பஸ்ஸில் சன்னல் ஓரம் யாருக்கு என்று ரெண்டும் இப்பவே அடித்துக்கொள்கின்றன.

செப்டம்பர் 22, ஞாயிறு, சாயங்காலம் நாலரை மணி. புரட்டாசி மாசம். இதே இடத்தில்தான். மாட்டுக்கறி பிரியாணி மாமா கையால். செங்கல்பட்டிலிருந்து பறைக்குழு வருகிறது, முன்பணம் கொடுத்தாயிற்று. பெண்ணும் மாப்பிள்ளையும் ரெண்டு பிள்ளைகளும் வரும்போது தெரு முனையிலிருந்து பந்தல் வரைக்கும் அடித்துக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். வெளிச்சம் இருக்கும்போதே. அழைப்பிதழ் அச்சாகவில்லை, இதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு எல்லாரும் வந்துடுங்க. ஜெய்பீம்.